'டிக்ளேர்' என்று அச்சடித்திருந்தால் பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

கும்பகோணத்தில் நோட்டரியாக இருக்கிறேன். என் மேசைக்கு வருகிற தாள் கடனுக்கானதோ, பட்டா விவகாரமோ, எதுவானாலும் அதில் எங்காவது "ஐ ஹியர்பை டிக்ளேர் தட்" என்று ஒரு வரி இருக்கும். அது என்ன என்று கேட்பவர் அபூர்வம், "எங்க சார் கையெழுத்து?" என்றுதான் கேட்கிறார்கள்.

சொல் ஒன்றும் நமக்குப் புதிதில்லை. ஐப்பசியில் மழை கொட்டினால் "கலெக்டர் லீவு டிக்ளேர் பண்ணிட்டாரா?" என்று விடிந்ததும் பிள்ளைகள் கேட்கிறார்களே, அதே சொல்தான். டிவிக்காரர் சொன்னால் அது செய்தி, கலெக்டர் சொன்னால்தான் லீவு. படிவத்தில் அந்தக் கலெக்டர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சேதி சொல்வது 'அனௌன்ஸ்', சொல்லியே காரியத்தை முடிப்பது 'டிக்ளேர்'. தமிழில் இரண்டுக்கும் 'அறிவித்தார்' என்றே எழுதிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 2020 பிப்ரவரி 9 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப் போவதாகச் சொன்னது 'அனௌன்ஸ்'. அதே மாதம் 20ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறி, பிறகு சட்டமானதே, அதுதான் 'டிக்ளேர்'. (ஏற்கெனவே நடந்துவந்த எண்ணெய், எரிவாயு வேலைகளை அந்தச் சட்டம் தொடவில்லை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர்களுக்குத்தான் அது தெரிந்தது.)

போன வருடம் திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பேத்தியோடு வந்தார். கடன் படிவம், வேறெங்கும் கடன் இல்லை என்று ஆங்கிலத்தில் டிக்ளேர் செய்கிற வரி, பேத்தி அழகாக நிரப்பியிருந்தாள்.

"சொசைட்டில எதுவும் பாக்கி இருக்காங்கய்யா?"

"அது கெடக்கு தம்பி, குறுவைக்கு வாங்குனது. அது இவங்களுக்கு எதுக்கு?"

"இங்கிலீஷ்ல சும்மா அப்படித்தான் சார் போட்டிருப்பாங்க" என்றாள் பேத்தி.

'வேறெங்கும் கடன் வாங்கவில்லை என்று உறுதியாகச் சொல்கிறேன், பொய்யானால் நானே பொறுப்பு' என்று அந்த வரியைத் தமிழில் சொன்னேன். பெரியவர் பேனாவை மூடிவிட்டார். அப்புறம் அந்த வரியை அடித்து, சொசைட்டி பாக்கியைத் தொகையோடு எழுதி, அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் போட்டுக் கொண்டுபோனார்கள்.

இளம்பிள்ளைகள் சொந்தமாக எழுதும்போது "ஐ ஆம் டிக்ளேரிங்" என்கிறார்கள். வேண்டாம், "ஐ டிக்ளேர்" போதும். கையெழுத்துப் போடும் அந்த நொடியிலேயே காரியம் முடிந்துவிடுகிறது, நடந்துகொண்டிருக்க அதில் ஒன்றுமில்லை. "அனௌன்ஸ்" என்றும் எழுதாதீர்கள், அது கல்யாண மண்டப மைக்குக்குச் சரி. "டு த பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ்", அதாவது 'எனக்குத் தெரிந்தவரை', என்று சேர்த்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. உங்களுக்குத் தெரியாத விஷயத்துக்குத்தான் அது குடை. சொந்தக் கடன் உங்களுக்குத் தெரியாதா என்ன?

என் முத்திரை விழுந்துவிட்டால் எழுதியதெல்லாம் உண்மையாகிவிடும் என்றும் நினைக்கிறார்கள். என் முன்னால் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், அவ்வளவுக்குத்தான் அது சாட்சி. தெரிந்தே பொய்யாக எழுதிய பிரமாணப் பத்திரத்துக்கு வழக்கு வந்தால் கூண்டில் நிற்பது நீங்கள்தான். நிரப்பாமல் விட்ட கோடுகள் இருந்தால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு என்னிடம் கொண்டுவாருங்கள்.