இன்சென்ஸ்: ஒரே நெருப்பில் மணமும் சினமும்

இன்சென்ஸ் என்றதும் ஊதுபத்தி மணம்தான் நினைவுக்கு வரும். அதே எழுத்துகளோடு ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லும் உண்டு. அதற்குப் பொருள் கடுஞ்சினம் கொள்ளச் செய்தல். முதல் அசையை அழுத்திச் சொன்னால் நறும்புகை. இரண்டாம் அசையை அழுத்தினால் கோபம்.

இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்: 'தீ வை, எரியச் செய்' என்று பொருள்படும் இன்செண்டெரே என்னும் லத்தீன் வினை. எரிக்கப்பட்ட நறும்பொருளுக்கு லத்தீனில் 'இன்சென்சும்' (incensum) என்று பெயரானது. மனத்தைக் கொளுத்துவதற்கும் லத்தீன்காரர்கள் அந்த வினையையே ஆண்டார்கள். கோபப் பொருள் 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஒளிர்தலைக் குறிக்கும் கண்டேரே என்ற உறவு வேரிலிருந்துதான் கேண்டில் என்ற மெழுகுவத்தியும் வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'எரிச்சலூட்டு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. எரிச்சல் கொசு கடித்தாலும் வரும். இது உடம்பெல்லாம் கொதிக்கிற கோபம். 'சீண்டு' என்பதில் விளையாட்டும் கலந்திருக்கிறது. 'சினமூட்டு' என்பதே சரியான சொல். அதைச் சினம் + ஊட்டு என்றும் பிரிக்கலாம், சினம் + மூட்டு என்றும் பிரிக்கலாம்; புணர்ச்சி இரண்டுக்கும் இடம் தருகிறது. இரண்டாவதாகப் பிரித்தால் அடுப்பு மூட்டுகிற அதே மூட்டு! லத்தீன் நெருப்பு அப்படியே தமிழில் கிடைத்துவிடுகிறது. சினத்தை நெருப்பாகப் பார்ப்பது நமக்கும் பழையதுதான். நெருப்புக்குரிய 'சேர்ந்தாரைக் கொல்லி' என்ற பெயரைக் குறள் (306) சினத்துக்குச் சூட்டுகிறது.

இதைவிட வியப்பான ஒன்று நம் பேச்சிலேயே இருக்கிறது. 'அண்ணன் தம்பி சண்டைக்கு அவர்தான் தூபம் போட்டார்' என்கிறோமே, அதைக் கவனியுங்கள். தணலில் சாம்பிராணி தூவும் செயல் இங்கேயும் கோபத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. லத்தீனைப் பார்த்து யாரும் செய்ததல்ல. ஆனாலும் இன்சென்ஸ் வினைக்கு நேராகத் 'தூபம் போடு' என்று எழுதிவிடக் கூடாது. தூபம் போடுபவர் பெரும்பாலும் மூன்றாம் ஆள், தூண்டிவிடுகிறவர். அது 'தூண்டிவிடு' என்று பொருள்படும் ஆங்கில இன்சைட் (incite) வினைக்கு நெருக்கம். இன்சென்ஸ் வினைக்கோ ஆளே வேண்டாம், ஒரு தீர்ப்போ ஒரு சொல்லோ போதும்.

ஆங்கிலச் செய்திகளில் இந்த வினை பெரும்பாலும் செயப்பாட்டில்தான் வரும். அங்கே 'மக்கள் சினமூட்டப்பட்டார்கள்' என்று எழுதினால் வாயில் நிற்காது. 'மக்கள் கொதித்துப் போனார்கள்' என்று எழுதுங்கள்.