இருட்டில் புள்ளி வருவது ஐ.எஸ்.ஓ.வால் அல்ல

ஆடி பிறந்தால் தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, கொடுங்கையூர் என்று தெருவுக்குத் தெரு அம்மன் திருவிழா. கூடவே என் எடிட்டிங் மேசைக்குத் திருவிழா வீடியோ நிறைந்த ஹார்டு டிஸ்க்குகளும் வந்துவிடும். "அண்ணா, இருட்டுல ஒரே கிரெயினா இருக்கு, கொஞ்சம் க்ளீன் பண்ணிக் குடுங்க." கிரெயின் என்றால் படத்தில் ஊரும் புள்ளிகள். இந்த வாரமும் ஒன்று வந்தது. இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பூங்கரகம் தூக்கி வரும் ஒரு அம்மா. பின்னால் சீரியல் செட் போட்ட வளைவு. பல்புகள் எல்லாம் அழகாகப் பதிவாகியிருக்கின்றன. அந்த அம்மாவின் முகம்தான் இல்லை. வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தால் கன்னத்தில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் ஊர்கின்றன. புடவை மடிப்பும் தலைமுடியும் ஊதா நிறக் கட்டம் கட்டமாக உடைந்து கிடக்கின்றன. செட்டிங் கேட்டேன்: எஸ்-லாக்3 (பிறகு கலர் ஏற்றுவதற்காக மங்கலாகப் பதியும் சோனி முறை), 8-பிட், லென்ஸ் திறப்பு எஃப்/4 (எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஷட்டர் 1/200 நொடி, ஐ.எஸ்.ஓ. 800. ஏன் 800 என்றால், "ஐ.எஸ்.ஓ. ஏத்துனா கிரெயின் வரும்ணா, அதான் ஏத்தவே இல்ல."

தம்பிகளா, இந்த ஒரு நம்பிக்கைதான் உங்கள் ஃபுட்டேஜைக் கெடுக்கிறது.

ஐ.எஸ்.ஓ. வெளிச்சத்தைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. சென்சாரில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை முடிவு செய்பவை மூன்றுதான்: அந்த இடத்து வெளிச்சம், லென்ஸின் திறப்பு, ஷட்டர். ஒளி சீராக வந்து விழுவதில்லை. லேசான தூறலில் மொட்டை மாடியைப் பாருங்கள், ஒரு ஓடு நனைந்திருக்கும், பக்கத்து ஓடு காய்ந்திருக்கும். அடித்துப் பெய்தால் எல்லாம் ஒன்றாக நனைந்துவிடும். இருட்டில் நீங்கள் பார்க்கும் புள்ளியில் பெரும்பங்கு இந்தத் தூறல்தான். ஒளியை 4 மடங்கு ஆக்கினால், படத்துக்கும் புள்ளிக்கும் உள்ள விகிதம் 2 மடங்கு தேறும்.

ஐ.எஸ்.ஓ. என்பது விழுந்த ஒளியைக் கேமரா பெருக்கிக் காட்டும் அளவு, அவ்வளவே. கேமராவில் பெருக்காமல் விட்டால், அதே பெருக்கலை எடிட்டிங்கில் நான் செய்ய வேண்டும். ஆனால் அதற்குள் கேமராவின் சொந்த எலக்ட்ரானிக் இரைச்சலும் சேர்ந்திருக்கும். 8-பிட்டில் ஒரு நிறத்துக்கு மொத்தமே 256 படிகள். நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி) இருட்டில் கிடக்கும் முகத்துக்கு அதில் கொஞ்சம்தான் கிடைக்கும். மிச்சத்தை கம்ப்ரஷன் தின்றுவிடும், இருண்ட இடத்தின் நுணுக்கத்தைத்தான் அது முதலில் கழிக்கும். அந்த ஊதாக் கட்டங்கள் அப்படி வந்தவை. 10-பிட்டில் 1024 படிகள் என்றாலும், விழாத ஒளியை அதுவும் கொண்டுவராது.

இரண்டு பேஸ் ஐ.எஸ்.ஓ. (சென்சார் இயல்பாக வேலை செய்யும் அடிப்படை அளவு) உள்ள கேமராவில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். சோனி எஃப்.எக்ஸ்.3-இல் எஸ்-லாக்3-க்கு அது 800, 12800. பானசோனிக் எஸ்5-இல், எஸ்-லாக் மாதிரியான வி-லாக்குக்கு 640, 4000. எஃப்.எக்ஸ்.3-ஐ இருட்டுத் தெருவில் ஸ்டாண்டில் வைத்து, வேறு எதையும் மாற்றாமல் 800-இல் ஒன்று, 12800-இல் ஒன்று எடுங்கள். முதலாவதை எடிட்டிங்கில் நான்கு ஸ்டாப் ஏற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12800 தான் சுத்தமாக இருக்கும்.

இன்னொன்று காதில் விழுகிறது. "ஆளு கலர் கம்மி சார், அதான் புள்ளி வருது." தயவுசெய்து இதை வாடிக்கையாளர் வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். கறுத்த தோல் குறைவாக ஒளியைத் திருப்பும், உண்மை. அதைக் கணக்கில் வைத்து வெளிச்சம் கொடுப்பதற்குத்தானே நம்மைக் கூப்பிட்டார்கள்? முகத்தில் விழும் வெளிச்சத்தை அளவெடுங்கள். சின்ன எல்.இ.டி. பேனல் ஒன்றை உதவியாள் கையில் கொடுத்து, பக்கவாட்டில் கிட்டே பிடிக்கச் சொல்லுங்கள். தூரம் பாதியானால் முகத்தில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 4 மடங்கு.

சரி, என்ன செய்யலாம்? ஷட்டரை 1/50-க்குக் கொண்டுவாருங்கள். நொடிக்கு 25 ஃபிரேமுக்கு அதுதான் சரி, நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் லைட்டும் சிமிட்டாது. 1/200 போட்டோ எடுத்த பழக்கம், அதிலேயே இரண்டு ஸ்டாப் போய்விட்டது. லென்ஸை எஃப்/2 வரை திறந்தால் இன்னும் இரண்டு. ஆக மொத்தம் 16 மடங்கு ஒளி. கேமராவோடு வரும் கிட் லென்ஸ் அவ்வளவு திறக்காது, ஒரு 50 எம்.எம். எஃப்/1.8 வாங்கி வையுங்கள். பகலில் வெளிச்சத்தைக் குறைக்க மாட்டிய வேரியபிள் என்.டி. ஃபில்டரை இரவில் கழற்றுங்கள், குறைந்த அளவில் வைத்தாலும் அது ஒரு ஸ்டாப்பையாவது விழுங்கும். இருட்டில் நின்று பார்க்கும்போது கேமரா ஸ்கிரீன் எதையும் பளிச்சென்றே காட்டும், அதை நம்பாதீர்கள். வெளிச்ச அளவைக் கோடுகளாகக் காட்டும் ஸீப்ராவையோ, வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்மையோ பாருங்கள். எஸ்-லாக்3-இல் சாம்பல் அட்டை (வெளிச்சம் அளக்கப் பிடிக்கும் நடுத்தரச் சாம்பல் நிற அட்டை) 41 சதவீதத்தில் நிற்க வேண்டும், இரவில் அதற்கு மேலே ஒரு ஸ்டாப் தள்ளி எடுத்தால் இன்னும் நல்லது. சீரியல் பல்பு வெளுத்தால் வெளுக்கட்டும்.

புள்ளி ஆடாமல் ஒரே இடத்தில் நிற்கிறதா? அது வேறு கோளாறு, ஹாட் பிக்சல். லென்ஸ் மூடியைப் போட்டுச் சில நொடி எடுத்தால் தெரிந்துவிடும். மெனுவில் பிக்சல் மேப்பிங் இருந்தால் ஓட்டுங்கள். சூடு ஏற ஏற இது கூடும், கேமராவை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டு வராதீர்கள்.

புள்ளியைக் குறைக்கும் டீநாய்ஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு: டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் அது காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் உண்டு. கலர் ஏற்றும் முன்பே போட வேண்டும். அது பல ஃபிரேம்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறது, அதனால் வேகமாக அசைகிற இடத்தில் திணறும். பம்பை அடிப்பவரின் குச்சி இழுபட்டுப் போய்விடும். அப்புறம், வானம் கறுப்பாகவே இருக்கட்டும். ராத்திரியை ஏன் சாம்பல் ஆக்குகிறீர்கள்?

அடுத்த வாரம் திருவிழா எடுக்கப் போகிறவர்கள் முதல் நாள் இரவே அந்தத் தெருவுக்குப் போய், யாரையாவது நிற்கவைத்துப் பத்து நொடி எடுங்கள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாதீர்கள், அது இன்னொரு முறை நசுக்கிவிடும். கார்டில் உள்ள ஒரிஜினல் ஃபைலாகவே வேண்டும்.