பெருந்தமனி அனியூரிசம் என்றால் பெருந்தமனி விரிவு

ஸ்கேன் அறிக்கையில் வரும் 'அனியூரிசம்' என்ற சொல்லைப் பலரும் 'ரத்தக்குழாய் வீக்கம்' என்றே விளக்குகிறார்கள். வீக்கம் என்றதும் மாத்திரை சாப்பிட்டால் வடிந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். இது வடியாது. குழாயின் சுவர் வலுவிழந்து, ரத்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் நிரந்தரமாக அகன்றுபோன நிலை இது.

கிரேக்கத்தில் 'யூரிஸ்' என்றால் அகலமானது. அதிலிருந்து வந்த 'அனியூரிஸ்மா' என்பதற்கு அகன்று விரிதல் என்று பொருள். ஆகவே 'விரிவு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 'புடைப்பு' என்பது ஒரு பக்கமாகப் பைபோலத் தள்ளும் வகைக்குத்தான் பொருந்தும். இதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனியிலோ பெரும்பாலும் குழாய் சுற்றிலும் அகல்கிறது. இலங்கைப் பாடநூல்களில் தமனியை 'நாடி' என்பார்கள். அங்கே இது பெருநாடி விரிவு.

எவ்வளவு அகன்றால் விரிவு? இயல்பான விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு. வயிற்றுப் பகுதியில் சுமார் 2 செ.மீ. இருக்க வேண்டியது 3 செ.மீ. ஆனாலே விரிவுதான். ஆண்களுக்கு அது 5.5 செ.மீ.யை எட்டினால் பொதுவாக அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள்.

சிலருக்கு மார்பிலும் வயிற்றிலுமாகப் பல இடங்களில் விரிவு இருக்கும். அதனால் ஓரிடத்தில் கண்டாலும் முழுப் பெருந்தமனியையும் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அவசியம். எதை முதலில் சரிசெய்வது என்பதுதான் கடினமான முடிவு. வலி தருவது, கசிவது, அளவில் பெரியது ஆகியவை முந்தும். விரிந்த பகுதிகளுக்குப் பதில் செயற்கைக் குழாய் வைப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், முதுகுத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு தமனிகள் ஒருசேர அடைபட்டு, கால்கள் செயலிழக்கக்கூடும். இடைவெளி விட்டால் ரத்தம் மாற்றுவழி தேடிக்கொள்ளும். ஆனால் அதற்குள் மிச்சமுள்ள விரிவு வெடித்துவிடும் ஆபத்தும் உண்டு.

1983இல் ஜெர்மனியின் அறுவை மருத்துவர் ஹான்ஸ் போர்ஸ்ட் இதற்கு ஒரு வழி சொன்னார். இதயத்துக்கு மேலே பெருந்தமனி வளைந்து திரும்பும் பகுதியைச் செயற்கைக் குழாயால் மாற்றும்போதே, அதன் நுனியைக் கீழிறங்கும் பகுதிக்குள் தொங்கவிட வேண்டும். இரண்டாம் அறுவையில் அந்த நுனியோடு அடுத்த குழாயை இணைத்துவிடலாம். தொங்கும் நுனியைப் பார்த்து 'யானைத் துதிக்கை' முறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1990இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில் அறுவை மருத்துவர் ஹுவான் பரோடி தொடையிடுக்குத் தமனி வழியாக ஸ்டென்ட் குழாய் (உலோகச் சட்டத்தோடு கூடிய செயற்கைக் குழாய்) பொருத்திக் காட்டியதற்குப் பின் வந்த வளர்ச்சியால், இரண்டாம் கட்டத்தைப் பலருக்கு மார்பைத் திறக்காமலே முடிக்க முடிகிறது.

அப்புறமும் ஸ்கேன் நிற்காது. மாற்றாத பகுதி பின்னாளில் விரியலாம். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் புகைப்பதை விடுவதும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியவை.