பின் பொருந்தினால் சார்ஜர் பொருந்திவிடாது

இந்த வாரமும் ஒரு மின்சார ஸ்கூட்டர் பேட்டரி என் ரிப்பேர் மேஜைக்கு வந்திருக்கிறது. மூடியைக் கழற்றினால் செல்களெல்லாம் உப்பி, ஓரத்தில் பிளாஸ்டிக் உருகிக் கிடக்கிறது. கூடவே ஒரு சார்ஜர். “அண்ணே, இது தம்பி வண்டியோடது. 48 வோல்ட்தான், பின்னும் கரெக்டா போச்சு.” இதே வசனத்தை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது?

வீட்டுக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் என்றிருந்தது, இப்போது இரண்டு, மூன்று ஆகிவிட்டது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, 250 வாட் மோட்டார் வண்டிகளுக்கு லைசென்ஸ், பதிவு எதுவும் வேண்டாம் என்பதால் வயதானவர்களும் வாங்குகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் வண்டியோடு சார்ஜர்களும் கைமாறுகின்றன.

போன் பழக்கம்தான் இதற்குக் காரணம். எந்த போனுக்கு எந்த சார்ஜரைப் போட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. ஏனென்றால் போன் சார்ஜர் 5 வோல்ட்டில் தொடங்கி, போன் கேட்டால் மட்டுமே வோல்ட்டை உயர்த்தும். சாதாரண ஸ்கூட்டர் சார்ஜர் யாரையும் கேட்காது. தனக்கு அமைத்த வோல்ட் வரை ஏற்றிக்கொண்டே போகும்.

“48 வோல்ட்” என்பது வெறும் பெயர். 13 செல் வரிசை கொண்ட என்.எம்.சி. என்ற வகை லித்தியம் பேட்டரிக்கு முழு சார்ஜ் 54.6 வோல்ட். 16 செல் வரிசை கொண்ட எல்.எஃப்.பி. என்ற இன்னொரு லித்தியம் வகைக்கு 58.4. இரண்டின் மேலும் 48 என்றே எழுதியிருக்கும். இரண்டாவதன் சார்ஜரை முதலாவதில் மாட்டினால் ஒரு செல்லின் தலையில் 4.49 வோல்ட் விழும். அதன் எல்லை 4.2. அந்த இடைவெளியில்தான் செல் உப்புகிறது, சில சமயம் பற்றிக்கொள்கிறது. பழைய லெட் ஆசிட் வண்டியின் சார்ஜரும் இதே கதைதான்.

“பி.எம்.எஸ். கட் பண்ணிடாதா?” பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்தான் பி.எம்.எஸ். அது கட் பண்ண வேண்டும். ஆனால் அது கடைசிக் காவல், தினசரி வேலைக்காரன் அல்ல. வண்டி பாதியில் நிற்கிறது என்று வருகிறவர்களுக்கு அதை பைபாஸ் செய்து கொடுக்கும் புண்ணியவான்கள் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள். 2022-இல் வரிசையாக வண்டிகள் எரிந்த பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதிகளை இறுக்கினார்கள். 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் அமலுக்கு வந்தன. அதற்கு முன் வாங்கிய வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். சார்ஜரின் ‘அவுட்புட்’ வரியைப் படியுங்கள். வண்டி கம்பெனி கொடுத்த எண்ணோடு புள்ளி வரை பொருந்த வேண்டும். வெயிலில் ஓட்டி வந்ததும் மாட்டாதீர்கள், சூடு ஆறட்டும். வாசற்படியிலும் மாடிப்படிக்கு அடியிலும் வைத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேற இருக்கிற ஒரே வழி அதுதான். கீழே விழுந்த, மழைத் தண்ணீரில் முங்கிய பேட்டரியை மெக்கானிக்கிடம் காட்டாமல் சார்ஜ் போடவே கூடாது. புகை வந்தால் வண்டியைக் காப்பாற்றப் போகாதீர்கள், தயவுசெய்து. அந்தப் புகை விஷம். எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், 101-ஐ அழைத்து, லித்தியம் பேட்டரி என்று சொல்லுங்கள்.

அப்புறம், பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு: அதன் சொந்த சார்ஜர் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். “சார்ஜர் எங்கேயும் கிடைக்கும்” என்று விற்பவர் சொன்னால், அதை அவரையே வாங்கித் தரச் சொல்லி, பிறகு பணத்தை எண்ணுங்கள்.