சோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தால் விதையில் வைரஸே இல்லையா?

ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி வைப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "ஃபாரின் விதை சார், எல்லா டெஸ்டும் முடிஞ்சுதானே வருது, அப்புறம் எப்படி வைரஸ்?"

இலை சுருண்டு செடி குட்டையாக நின்றால் பெரும்பாலும் அது வெள்ளை ஈ கொண்டுவந்த இலைச்சுருள் நோய். அதற்காக விதைக் கடைக்காரரோடு சண்டைக்குப் போய்ப் பயனில்லை. விதையோடு வருவது வேறு கூட்டம். தக்காளி, குடைமிளகாயைத் தாக்கும் டொபாமோ வைரஸ்கள் அதில் முக்கியமானவை. 2014-ல் இஸ்ரேலில் தென்பட்ட தக்காளிப் பழுப்புச் சுருக்க வைரஸ், எதிர்ப்புத் திறன் உள்ள வீரிய ரகங்களையே சாய்த்துவிட்டதால்தான் பல நாடுகள் விதைச் சோதனையை இறுக்கின.

நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு பயிர்த் தனிமைப்படுத்தல் ஆணைப்படி விதை இறக்குமதி செய்ய முன்கூட்டியே அனுமதி வேண்டும், அனுப்பும் நாட்டின் பயிர் நலச் சான்றும் வேண்டும். சரி, சான்றுக்கு முன்னால் நடக்கும் சோதனை எப்படி? ஒரு லாட்டிலிருந்து, அதாவது ஒரே நம்பர் போட்ட விதைத் தொகுதியிலிருந்து, வழக்கமாக 3,000 விதை எடுத்து, அரைத்து, வைரஸைக் கண்டுபிடிக்கும் எலைசா அல்லது பிசிஆர் என்ற ஆய்வக முறையில் பார்ப்பார்கள். எதிலும் சிக்கவில்லை என்றால், அந்த லாட்டில் நோயுள்ள விதை ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்கும் என்று 95 சதவீதம் நம்பலாம், அவ்வளவுதான். சோதித்த விதை அரைபட்டுப் போயிற்று, நீங்கள் விதைப்பது சோதிக்காத விதையை.

நோயுள்ள விதையெல்லாம் நோயுள்ள நாற்றாகிவிடாது, வைரஸ் பெரும்பாலும் விதைத் தோலில்தான் ஒட்டியிருக்கும். ஆனால் ஒரு நாற்று போதும். பக்கக் கிளை ஒடிக்கும் கை, கயிறு கட்டும் கை, ஓசூர் பாலிஹவுஸில் செடிக்குச் செடி போகும் அதே கத்தரிக்கோல், இவைதான் பரப்புகின்றன. ஆள் வேலை செய்து போன வரிசையிலேயே நோய் நீண்டால் எனக்கு உடனே சந்தேகம் இந்த டொபாமோ வைரஸ் மேல்தான். இதற்கு மருந்து எதுவும் இல்லை, கடைக்காரர் எந்தப் பாட்டிலை நீட்டினாலும் சரி.

இங்கே நிறையப் பேர் விதை வாங்குவதில்லை, நர்சரியில் குழித்தட்டு நாற்றாக வாங்குகிறார்கள், பாக்கெட்டைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. பில்லில் ரகத்தோடு லாட் நம்பரையும் எழுதி வாங்குங்கள், அது இல்லாமல் புகார் கொடுத்தால் எந்த லாட் என்றே நிரூபிக்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் விதைக்கு அனுமதியும் இல்லை, சான்றும் இல்லை. அதை வாங்கவே வாங்காதீர்கள்.