சிமிட்டல் அடங்கும் வானம்: லா பால்மாவில் மே மாத இரவுகள்

அட்லாண்டிக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுக் கூட்டத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது லா பால்மா. கடலடியிலிருந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து எழுந்த மலை இது; 2021இல்கூட 85 நாள் குமுறி ஓய்ந்தது. தீவின் உச்சி ரோக்கே தே லோஸ் முச்சாச்சோஸ், உயரம் 2,426 மீட்டர். 36 அறுகோணக் கண்ணாடிகளை இணைத்து 10.4 மீட்டர் அகலத்துக்கு ஒளி சேகரிக்கும் கிரான் டெலஸ்கோப்பியோ கனாரியாஸ் தொலைநோக்கி அந்த உச்சியை ஒட்டித்தான் நிற்கிறது. இவ்வளவு பெரிய கருவியை இந்தச் சிறு தீவுக்குக் கொண்டுபோனதற்கு இருட்டு மட்டும் காரணமல்ல. இருட்டு பாலைவனத்திலும் கிடைக்கும். கலங்காத காற்றுதான் கிடைப்பதற்கரியது.

வெவ்வேறு வெப்பநிலையுள்ள காற்றுத் திட்டுகள் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. அவை நகர நகர விண்மீனின் பிம்பமும் துள்ளுகிறது. அதைத்தான் சிமிட்டுவது என்கிறோம். தொலைநோக்கியில் புள்ளியாகத் தெரிய வேண்டியது கொதிக்கும் பொட்டாகத் தெரியும். சாதாரண ஊர்களில் அந்தப் பொட்டு இரண்டு, மூன்று விகலை அகலம் இருக்கும். (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை.) ரோக்கேயில் நல்ல இரவுகளில் அது ஒரு விகலைக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

காரணம் கடலில் தொடங்குகிறது. வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று குளிர்ந்த கடல்மீது வந்து ஈரத்தை ஏந்திக்கொள்கிறது. அதற்கு மேலே, உயரழுத்த மண்டலத்திலிருந்து இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகி, வறண்டு கிடக்கிறது. கீழே குளிர், மேலே வெப்பம். வழக்கத்துக்கு மாறான இந்த அடுக்கு பானைக்கு மூடிபோல உட்கார்ந்துவிடுகிறது. கீழ்க்காற்று அதைத் துளைத்து எழ முடியாததால் ஈரம், தூசி, மேகம் எல்லாம் பெரும்பாலும் 1,500 மீட்டருக்குக் கீழேயே அடைபடுகின்றன. அந்த மேகப் படுகை கடலோர ஊர்களின் விளக்கொளியையும் மறைக்கிறது. மூடிக்கு மேலே வரும் காற்றுக்கோ, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வழியில் குறுக்கே நிலமில்லை. குழம்பாமல் தகடுபோல வழுக்கிவந்து மலையைத் தொடுகிறது.

விளக்குகளுக்குச் சட்டமும் உண்டு. 1988இல் ஸ்பெயின் இயற்றிய வானச் சட்டம் தெருவிளக்கின் நிறம், சாயும் கோணம், அணைக்க வேண்டிய நேரம் வரை கட்டுப்படுத்துகிறது.

வசந்தத்தின் கடைசி வாரங்கள் இங்கே ஏன் நல்லவை? குளிர்காலப் புயல்கள் ஓய்ந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் உயரத்தில் அடிக்கடி வரும் சஹாரா தூசியான கலிமா இன்னும் மும்முரமாகியிருக்காது. மே 25 வாக்கில் சூரியன் இரவு 9 மணியளவில் மறையும்; முழு இருள் 10.35க்குத் தொடங்கி விடியற்காலை 5.40 வரை, அதாவது ஏழு மணி நேரம். அமாவாசைக்கு முன்பின் ஐந்து நாட்களுக்குள் திட்டமிடுங்கள்.

அந்தத் தொலைநோக்கி நிற்கும் ஆய்வுக்கூட வளாகத்துக்குள் இரவில் பொதுமக்கள் நுழைய முடியாது. கீழே, மலையிடைச் சமவெளிகளில் பார்வையிடங்கள் இருக்கின்றன. எரிமலைத் தரைக்கே உரிய சிக்கல் அங்கேதான் தெரியவரும். கரிய எரிமலை மணல் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் அந்தச் சூட்டை வெளியே விடுகிறது. மேலே காற்று எவ்வளவு தெளிவாக இருந்தாலும், காலடியிலிருந்து எழும் இந்த அலை பிம்பத்தைக் கெடுத்துவிடும். வெற்றுக் குழம்புப் பாறை, தார்ச்சாலை இரண்டையும் தவிர்த்து, பைன் சருகு படிந்த மண்ணில் கருவியை வையுங்கள். மணல்தான் கதி என்றால் முக்காலியின் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு பலகைத் துண்டு வேண்டும். இல்லாவிட்டால் கால் மெல்லப் புதைந்து, பார்த்துக்கொண்டிருந்த விண்மீன் நழுவிவிடும்.

கருவியும் குளிர வேண்டும். 200 மில்லிமீட்டர் கண்ணாடியைச் சூடான காரிலிருந்து 8 டிகிரிக் குளிருக்கு எடுத்தால் ஒரு மணி நேரமாவது திறந்து வைக்க வேண்டும். ஆறிவிட்டதா என்று பார்க்க வழி எளிது: பிரகாசமான விண்மீன் ஒன்றைக் குவியத்திலிருந்து விலக்கி வட்டாக்குங்கள். வட்டின் ஒரு பக்கமாகப் புகை எழுவதுபோல் நெளிவு தெரிந்தால் குழாய்க்குள் இன்னும் சூடு இருக்கிறது.

எரிமலைத் தூசி நுண்ணிய கண்ணாடிச் சில்லுகளும் கனிமத் துகள்களும் கலந்தது. லென்ஸில் படிந்தால் துணி போடவே கூடாது. கையடக்கக் காற்றூதியால் ஊதித் தள்ளுங்கள். ஒரே துடைப்பில் மேற்பூச்சில் கீறல் விழும், அதைப் போக்க முடியாது. இன்னொன்று: சில இரவுகளில் கிழக்கே கும்ப்ரே நுவேவா முகட்டைத் தாண்டி மேகம் அருவிபோல் வழியும். பார்க்க அத்தனை அழகு. ஆனால் அது உங்கள் பக்கம் நீளத் தொடங்கினால் உடனே மூடிகளைப் போட்டுவிடுங்கள், பனி கோத்துக்கொள்ளும்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை கைப்பேசித் திரை வேண்டாம்; மங்கிய சிவப்பு விளக்கு போதும்.

இனி வானம். தலையுச்சியருகே ஆரஞ்சாக ஒளிர்வது சுவாதி விண்மீன். அதற்குத் தென்மேற்கே வெண்ணீலமாகச் சித்திரை விண்மீன். மே கடைசியில் இரவு 11.20 வாக்கில் சித்திரை நேர்தெற்கே, 50 டிகிரி உயரத்தில் வரும். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. சித்திரையிலிருந்து நேர் கீழாக மூன்றரை முஷ்டி இறங்குங்கள். தொடுவானத்துக்கு 14 டிகிரி மேலே, மங்கலான, ஓரம் கலைந்த விண்மீன் ஒன்று தென்படும். அது விண்மீன் அல்ல. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு கோடி அளவிலான விண்மீன்கள் திரண்ட ஒமேகா சென்டாரி கொத்து. அந்த உயரத்தில் அதன் ஒளி, தலைக்கு நேர்மேலே இருப்பதைப்போல் நான்கு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. தெற்கே மேகமோ கலிமாவோ துளி இருந்தாலும் முதலில் காணாமல்போவது இதுதான். 10x50 பைனாகுலரில் பஞ்சு உருண்டையாகத் தெரியும். 200 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் 100 மடங்கு உருப்பெருக்கத்தில், காற்று அடங்கும் சில நொடிகளுக்கு அந்தப் பஞ்சு உதிரி உதிரியாகப் பிரிந்து, மாவு தூவியதுபோல் ஆயிரம் புள்ளிகளாகும். மறுபடி கலங்கும். கண்ணை எடுக்காதீர்கள்; அடுத்த அடங்கல் வரும்.