பாலாற்றுச் சேற்றில் குரோமியம் என்ன செய்கிறது?

குரோமியம் ஒரு தனிமம். எரித்தாலும் அழியாது, கொதிக்க வைத்தாலும் ஆவியாகிப் போகாது, எந்த பாக்டீரியாவும் அதைத் தின்று தீர்க்காது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுக்கத் தோல் தொழிலுக்காக வந்து இறங்கிய குரோமியத்தில், ஷூவாகவும் கைப்பையாகவும் கப்பலேறிப் போனது போக மீதி அத்தனையும் இன்னும் இங்கேதான் இருக்கிறது. மண்ணில், ஏரிச் சேற்றில், சுத்திகரிப்பு நிலையத்தின் கசடு மேட்டில், கிணற்றில். நாம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது எந்த வடிவத்தில், எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது. அந்த வடிவம் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

இயற்கையில் குரோமியம் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் நிலைத்து நிற்கும். அணு மூன்று எலக்ட்ரான்களை இழந்தால் குரோமியம் மூன்று. ஆறை இழந்தால் குரோமியம் ஆறு. தனிமம் ஒன்றுதான், ஆனால் தண்ணீரிலும் உடம்பிலும் இரண்டும் நடந்துகொள்ளும் விதத்துக்குச் சம்பந்தமே கிடையாது.

முதலில் தோல் ஷாப்பிலிருந்து, அதாவது தோல் பதனிடும் ஆலையிலிருந்து, தொடங்குவோம். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊற வைத்துத் தோலைப் பதப்படுத்தினார்கள். குரோம் முறை வந்த பிறகு அந்த வேலை ஒரு நாளுக்குள் முடிந்துவிடுகிறது. சுண்ணாம்பில் ஊறி முடி நீங்கிய தோலை, உப்பும் அமிலமும் கலந்த தண்ணீரோடு மர டிரம்மில் சுற்ற விடுகிறார்கள். அதில் கார குரோமியம் சல்பேட் என்கிற பச்சைத் தூளைக் கொட்டுவார்கள். அமிலத்தன்மை அதிகமாக இருக்கும்வரை குரோமியம் எதையும் பிடிக்காமல் தோலின் உள்பகுதி வரைக்கும் பரவும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடா சேர்த்து அமிலத்தைக் குறைக்கும்போது, தோலின் கொலாஜன் புரத இழைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் கார்பாக்சில் குழுக்களைக் குரோமியம் இறுகப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்துப் பக்கத்து இழைகளுக்கு நடுவில் பாலம் விழுகிறது. பச்சையாகப் போன தூள், வெளிர் நீலத் தோலாக வெளியே வரும். இதைத்தான் தொழிலில் வெட் புளூ என்கிறார்கள். பதப்படுத்தாத பச்சைத் தோலைச் சுமார் 60 டிகிரி வெந்நீரில் போட்டாலே சுருண்டுவிடும். வெட் புளூ கொதிநீரையும் தாங்கும்.

இந்தப் பிடிமானத்துக்குக் காரணம் குரோமியம் மூன்றின் மந்தத்தனம். ஒருமுறை ஒன்றைப் பிடித்துவிட்டால் லேசில் விடாது. தோலுக்கு எது நல்லதோ அதுவே ஓரளவு ஆற்றுக்கும் நல்லது. அமிலமோ காரமோ அதிகமில்லாத சாதாரணத் தண்ணீரில் குரோமியம் மூன்று கரையாத ஹைட்ராக்சைடாகப் படிந்து, சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். உயிரணுவின் சவ்வைத் தாண்டி எளிதில் உள்ளே போகவும் அதனால் முடியாது. ஆனால் வழக்கமான முறையில் போட்ட குரோமியம் முழுவதையும் தோல் எடுத்துக்கொள்வதில்லை. மூன்றில் ஒரு பங்கு வரை டிரம் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதைத் தனியே பிடித்து மீண்டும் பயன்படுத்தாமல் வெளியே விட்ட காலம்தான் இன்றைக்குச் சேற்றில் கிடக்கிறது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய தண்ணீரில்லாக் குரோம் பதனீட்டு முறை இந்த மிச்சத்தைத்தான் குறி வைக்கிறது. டிரம்மில் தனியாகத் தண்ணீரே ஊற்றாதபோது, குரோமியம் தங்குவதற்கும் வெளியேறுவதற்கும் இடமில்லை.

குரோமியம் ஆறு வேறு ரகம். அது தனியாக இருக்காது, நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு சேர்ந்து குரோமேட் அயனியாக நீரில் நன்றாகக் கரைந்துவிடும். இங்கேதான் உடலின் வேதியியல் ஏமாந்து போகிறது. நம் செல்களுக்குச் சல்பேட் தேவை, அதை உள்ளே விடுவதற்கென்றே சவ்வில் வாசல்கள் இருக்கின்றன. சல்பேட்டும் குரோமேட்டும் ஒரே வடிவம், ஒரே மின்சுமை. கல்யாண வீட்டுக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வருகிற அறியாத ஆளை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்காரர் என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்றும் நினைத்து உள்ளே விடுவதைப் போல, செல் குரோமேட்டை உள்ளே விட்டுவிடுகிறது.

உள்ளே போன குரோமேட்டை செல்லில் இருக்கும் வைட்டமின் சி, குளுட்டாதையோன் போன்றவை எலக்ட்ரான் கொடுத்து இறக்குகின்றன. ஆறு ஐந்தாகி, நான்காகி, கடைசியில் மூன்றாகிறது. வெளியே இருந்தபோது சாதுவாக இருந்த அதே மூன்று, இப்போது செல்லுக்குள் டி.என்.ஏ.வுக்குப் பக்கத்திலேயே பிறக்கிறது. தோலின் புரதத்தைப் பிடித்த அதே பிடியால் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்கிறது. வெளியே வரவும் அதற்கு வழியில்லை. செல் பிரியும்போது படி எடுப்பதில் தவறுகள் விழுகின்றன. குரோமேட் ஆலைத் தொழிலாளிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுவதும், மூக்கின் நடுத்தண்டில் துளை விழுவதும் மருத்துவம் நெடுநாளாக அறிந்த விஷயங்கள். காற்றில் சுவாசிப்பது பற்றிச் சந்தேகமே இல்லை. குடிநீர் வழியாகப் போனால் என்ன என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். வயிற்று அமிலமும் உணவும் சேர்ந்து குரோமியம் ஆறில் பெரும்பகுதியை மூன்றாக்கிவிடுகின்றன. அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2008-ல் வெளியிட்ட 2 ஆண்டு ஆய்வில், குரோமேட் கலந்த தண்ணீர் குடித்த எலிகளுக்கு வாயிலும், சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டிகள் வந்தன. ஆனால் கட்டி தெளிவாகக் கூடிய அளவுகள் நம் குடிநீர் வரம்பைவிடப் பல நூறு மடங்கு அதிகம். இதைச் சொல்வது பயத்தைத் தணிக்க அல்ல. வயிற்றின் அந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் வேலை செய்யும் என்று வைத்துக்கொள்ள முடியாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

சரி, டிரம்மில் போட்டது மூன்றுதானே, கிணற்றில் குரோமியம் ஆறு எங்கிருந்து வருகிறது? நம் பகுதியில் இதற்கு இரண்டு விடைகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் விடை ராணிப்பேட்டையில் மலை மாதிரி கிடக்கிறது. 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுப்போன கழிவு அது, லட்சம் டன்னுக்கு மேல். அங்கே குரோமைட் தாதுவைச் சோடாவோடு சேர்த்து அதிக வெப்பத்தில் வறுத்து, மூன்றை வேண்டுமென்றே ஆறாக்கினார்கள். முழுதும் பிரித்தெடுக்க முடியாமல் மிச்சம் நின்ற ஆறு கழிவிலேயே தங்கியது. ஒவ்வொரு மழையும் அதிலிருந்து கொஞ்சம் மஞ்சள் நீரைக் கரைத்து நிலத்துக்குள் இறக்குகிறது. அந்தக் கழிவு காரத்தன்மை உடையது என்பதும் ஒரு துரதிர்ஷ்டம். அமில மண்ணிலென்றால் இரும்புத் துகள்கள் குரோமேட்டை ஓரளவு பிடித்து வைக்கும், காரம் கூடக்கூட அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

இரண்டாவது விடை ஆற்றின் போக்கிலேயே இருக்கிறது. எனக்கு இதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆற்றின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் புகாது. இலைதழை அழுகும், பாக்டீரியாக்கள் இரும்பையும் மாங்கனீசையும் ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பயன்படுத்தி வாழும். அந்தச் சூழலில் குரோமியம் ஆறு தப்பி வந்தாலும் மூன்றாகிப் படிந்துவிடும். பாலாறு அப்படி ஓடுகிற ஆறு இல்லை. நந்தி மலைப் பக்கம் தொடங்கி வயலூரில் கடலைச் சேரும் 348 கிலோமீட்டரில், நம் பகுதியில் அது பெரும்பாலான மாதங்கள் மணலுக்கு அடியில்தான் ஓடுகிறது. ஏரிகளும் கோடையில் காய்ந்து வெடித்துவிடும். சேறு காயும்போது வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே இறங்குகிறது. கரைந்திருந்த மாங்கனீசு, நுண்ணுயிர்களின் உதவியோடு, கறுப்பு மாங்கனீசு ஆக்சைடாக மீண்டும் படிகிறது. மண்ணில் குரோமியம் மூன்றை ஆறாக மாற்றும் வேலையைச் செய்யக்கூடியது முக்கியமாக அந்தக் கறுப்புத் துகள்தான். பார்ட்லெட், ஜேம்ஸ் என்ற மண்ணியலாளர்கள் 1979-ல் இதைக் காட்டும்வரை, மூன்று மண்ணில் மூன்றாகவே கிடக்கும் என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள்.

மாற்றம் சிறிய அளவில், மெதுவாகத்தான் நடக்கும். கரையாத ஹைட்ராக்சைடு மாங்கனீசுத் துகளைத் தொட வேண்டுமே. ஆனால் சிட்ரேட் போன்ற கரிம அமிலங்களோடு சேர்ந்து கரைந்த மூன்று நகர்ந்து போய்த் தொடும். அப்படி உருவான குரோமியம் ஆறு, அடுத்த மழையில் முதல் நீரோடு கரைந்து கிளம்புகிறது. காய்வதும் நனைவதும் மாறி மாறி நடக்கிற ஓர் ஆற்றில் ஒருநாள் எடுத்த தண்ணீர் மாதிரியை வைத்துக் குரோமியம் ஆறு இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதுவே காரணம். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியதே, அது எத்தனை வருடச் சேற்றைக் கிளறி எங்கெங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கும் என்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி வெளியே எடுக்கும் வழிகள். எளிமையானது அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட். இரும்பு தன் எலக்ட்ரானைக் குரோமேட்டுக்குக் கொடுத்து மூன்றாக்கிப் படிய வைக்கும். இதையே நிலத்துக்குள் செய்ததுதான் இரும்புச் சுவர். அமெரிக்காவில் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில், முலாம் பூசும் பட்டறையிலிருந்து நிலத்தடியில் பரவிய குரோமேட்டை மறிக்க 1996-ல் ஒரு நீளக் குழி தோண்டி இரும்புத் துகளை நிரப்பினார்கள். 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலம். பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. நிலத்தடி நீர் தன் போக்கில் அந்தச் சுவர் வழியே நடந்து போகும்போதே குரோமேட் மூன்றாகி உள்ளே நின்றுவிடுகிறது. கழிவு மலையிலிருந்து ஊர்க் கிணறுகளை நோக்கி நகரும் நீர் எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்த இடத்துக்கு இந்த முறை பொருத்தமானது.

தோல் ஷாப்புகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும், இப்போது வீட்டுக்கு வீடு சமையலறையிலும் இருப்பது ஆர்.ஓ. சவ்வு. சுருட்டிய சவ்வுத் தாளில் உண்மையில் வடிகட்டுகிற பாலியமைடு படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 1960-ஐ ஒட்டி சிட்னி லோப், இந்தியரான ஸ்ரீனிவாச சௌரிராஜன் இருவரும் செய்த செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வில் தொடங்கிய தொழில்நுட்பம் இது. இவ்வளவு காலமாகியும், தண்ணீர் அதற்குள் எப்படிப் போகிறது என்ற சண்டை சமீபத்தில்தான் சூடுபிடித்தது. நீர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் படலத்தில் கரைந்து பரவிப் போகின்றன என்பது பாடப்புத்தகக் கணக்கு. யேல் பல்கலைக்கழகத்தின் மெனாஹம் எலிமெலக் குழு 2023-ல் அதை மறுத்தது. அழுத்தத்தால் தள்ளப்பட்டு, மிக நுண்ணிய இடைவெளிகள் வழியே கூட்டம் கூட்டமாகத்தான் தண்ணீர் ஓடுகிறது என்றார்கள். அதற்கு முன்பே 2021-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படலத்தை முப்பரிமாணமாகப் பார்த்து, அதன் அடர்த்தி இடத்துக்கு இடம் சமமாக இருந்தால் 30 முதல் 40 சதவீதம் வரை திறன் கூடும் என்று கண்டுபிடித்தன. மெல்லிய படலம்தான் வேகமானது என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. மின்கட்டணம்தான் ஆர்.ஓ.வின் பெரிய செலவு என்பதால் இந்தச் சண்டை வாணியம்பாடிக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

குரோமேட் பெரியது, மின்சுமை கொண்டது, எனவே நல்ல நிலையிலுள்ள ஆர்.ஓ. சவ்வு அதைப் பெருமளவு தடுத்துவிடும். கொதிக்க வைத்தால் போகாது, நீர் வற்றி அடர்த்திதான் கூடும். ஆனால் ஆர்.ஓ. எதையும் அழிப்பதில்லை, பிரிக்க மட்டுமே செய்கிறது. ஒதுக்கிய தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சினால் கடைசியில் உப்பு மூட்டைகள் மிஞ்சும். எங்கள் பக்கத்து நிலங்களைப் பாழாக்கியதில் குரோமியத்தைவிடத் பச்சைத் தோல் கெடாமலிருக்க அடிக்கும் உப்பின் பங்குதான் பெரிது. அந்த மூட்டைகளுக்கு இன்னும் சரியான போக்கிடம் இல்லை என்பது இந்தத் தொழிலின் ஆறாத புண்.

மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது தோல் ஆலைகளின் மாசு பற்றிய நம் வேலூர் வழக்கில்தான். அளவீட்டிலும் அந்தத் துல்லியம் வேண்டும். ஆலைக் கழிவுநீருக்கான இந்திய விதி மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஆறுக்கு 0.1 மில்லிகிராம் என்று பிரித்துப் பேசுகிறது. குடிநீர்த் தரமோ மொத்தமாக 0.05 மில்லிகிராம் என்பதோடு நின்றுவிடுகிறது. கலிபோர்னியா 2024 அக்டோபரிலிருந்து குடிநீரில் குரோமியம் ஆறுக்கு மட்டும் தனியாக லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இங்கும் அது வர வேண்டும்.

கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குரோமியம் ஆறு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகத்தில் அமிலம் சேர்த்த மாதிரியில் டைபீனைல் கார்பசைடு சொட்டுவார்கள், இருந்தால் சில நிமிடங்களில் கத்தரிப்பூ நிறம் ஏறும். கண்ணுக்கு மஞ்சளே தெரியாத தண்ணீரிலும் அது காட்டிக் கொடுக்கும். ஆனால் மற்ற உலோகங்களுக்கு எடுப்பதைப் போலப் பாட்டிலில் முன்கூட்டியே அமிலம் விட்டு எடுத்தால், தண்ணீரிலிருக்கும் கரிமப் பொருள் ஆறை வழியிலேயே மூன்றாக்கிவிடும், முடிவு பொய்யாக வரும். அமிலம் விடாத பாட்டிலில் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கோடை முடிந்து முதல் மழைக்குப் பிறகு ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒன்று என்று குறைந்தது இரண்டு முறை எடுங்கள். விண்ணப்பத்தில் மொத்தக் குரோமியம், குரோமியம் ஆறு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக் கொடுங்கள்.